ஓட்டம் தொடர ஊக்கம் எங்கிருந்து வரும்?

  

பள்ளி விளையாட்டு விழா நெருங்கும் வேளையில் நம் திடலைக் காணக் கண் கோடி வேண்டும். புத்தகப் பைகள் மரத்தடியில் குவிந்து கிடக்கும். சிவப்பு இல்லம், நீல இல்லம், மஞ்சள் இல்லம், பச்சை இல்லம் எனப் பிரிந்து மாணவர்கள் மாலைதோறும் ஓடுவார்கள். விழா முடிந்து, வெற்றிக் கிண்ணங்கள் அலமாரிக்குள் சென்ற பிறகு திடல் வெறிச்சோடிவிடும். நேற்றுவரை ஓடிய கால்கள் இன்று தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் மடங்கிக் கிடக்கும். ஓடத் தொடங்குவது எளிது. ஓடிக்கொண்டே இருப்பதுதான் அரிது.

சென்ற ஆண்டு குறுக்கோட்டப் போட்டியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கடைசியாக வந்து சேர்ந்தான். வழியில் நான்கு முறை நின்று நடந்ததாக அவனே கூறினான். மறுநாள் பயிற்சிக்கு அழைத்தேன். "ஐயா, நான் எதற்கு இனி ஓட வேண்டும்? எப்படியும் கடைசியாகத்தானே வரப்போகிறேன்?" என்று கேட்டான். அக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. முதலாவதாக வருபவனுக்குக் கைதட்டல் இருக்கிறது. கடைசியாக வருபவனுக்கு என்ன இருக்கிறது? இக்கட்டுரை அம்மாணவனுக்கு நான் கடன்பட்டிருந்த விடையாகும்.

பதக்கம் இல்லாத நாளில் பிறந்த சாதனை

விடை தேடியபோது என் நினைவுக்கு வந்தது, பதக்கம் கிடைக்காத ஓர் ஓட்டமே. 'பறக்கும் டாக்டர்' என்று நாடே புகழ்ந்த மணி ஜெகதீசனை நம் பெற்றோர்கள் நன்கு அறிவார்கள். பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் பிறந்த அவர், 1960ஆம் ஆண்டில் ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பில் ஓடியபோது அவருக்கு வயது 16. 1966ஆம் ஆண்டில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அதே போட்டியில் தாப்பாவைச் சேர்ந்த ராஜமணி அம்மையார் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, ஆசிய விளையாட்டில் தங்கம் பெற்ற முதல் மலேசியப் பெண்மணி ஆனார்.

ஆனால் ஜெகதீசனின் மிகச் சிறந்த ஓட்டம் தங்கம் வென்ற அந்த நாள்களில் நிகழவில்லை. அது 1968ஆம் ஆண்டில் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் நிகழ்ந்தது. 200 மீட்டர் அரையிறுதியில் 20.92 வினாடியில் ஓடினார். இறுதிச் சுற்றுக்கு அது போதவில்லை, பதக்கமும் இல்லை. எனினும் அந்த நேரம் மலேசியாவின் தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2017ஆம் ஆண்டில்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடி அதனை முறியடித்தார்.

அவருடைய போட்டியாளர் ஒருவரின் கதையும் இவ்வாறே. சிங்கப்பூரின் கனகசபை குணாளன் இருபது வயதுக்குப் பின்னரே பந்தய ஓட்டத்தில் முழுமூச்சாய் இறங்கியவர். பாங்காக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் மயிரிழையில் ஜெகதீசனிடம் தோற்று வெள்ளி பெற்றார். 'வெள்ளி வந்தது போதும்' என்று அவர் நின்றுவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மெக்சிகோ நகரில், 100 மீட்டரை 10.38 வினாடியில் ஓடினார். அவருக்கும் அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சாதனையைச் சிங்கப்பூரில் 2001ஆம் ஆண்டுவரை எவராலும் முறியடிக்க இயலவில்லை.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள மெல்லிய காற்று விரைவோட்டக்காரர்களுக்குத் துணைசெய்தது உண்மையே. ஆயினும் அந்நாளுக்கு முன் பல ஆண்டுகள் இடைவிடாது ஓடியிராவிட்டால் எந்தக் காற்றும் துணைசெய்திராது. தம்மைவிட விரைந்தோடியவர்கள் பலர் முன்னே சென்ற நாளில், அவ்விருவரும் தங்கள் வாழ்நாளின் சிறந்த ஓட்டத்தை ஓடினார்கள். பிறரோடு மட்டும் தம்மை அளந்திருந்தால் அதனை அவர்கள் தோல்வி என்று எண்ணியிருக்க வேண்டும். தம்முடைய நேற்றைய ஓட்டத்தோடு அளந்ததால் அது வெற்றியாயிற்று.

ஓடுபவன் கையில் இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று, 'எத்தனையாவது வந்தேன்?' என்பது. மற்றொன்று, 'முன்பு ஓடியதைவிட எவ்வாறு ஓடினேன்?' என்பது. முதல் அளவுகோல் ஆண்டுக்கு ஒரு நாள், ஒருவனுக்கு மட்டுமே மகிழ்ச்சி தரும். இரண்டாவதோ எல்லா நாளும் எல்லாருக்கும் பயன்படும்.

ஊக்கம் முன்னே வருமா, பின்னே வருமா?

'எனக்கு ஊக்கம் வரட்டும். வந்ததும் ஓடுகிறேன்' என்று பலர் கூறக் கேட்கிறோம். திருக்குறளின் அதிகார வரிசையைச் சற்று நோக்குங்கள். 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. வள்ளுவர் அதனோடு நிறுத்தினாரா? இல்லை. 61 மடியின்மை; 62 ஆள்வினையுடைமை; 63 இடுக்கண் அழியாமை. ஊக்கம் கொண்டவனும் சோம்பலை விரட்ட வேண்டும், முயல வேண்டும், இடர் வந்தால் மனம் உடையாதிருக்க வேண்டும் என்பதை அவ்வரிசையே நமக்கு உணர்த்துகின்றது.

நம் பாட்டன் பாட்டிமாரின் தோட்டத்து வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, பெரட்டுக் களத்தில் நின்று, இருளிலேயே பால்மரக் காட்டுக்குள் சென்றார்கள். 'இன்று எனக்கு ஊக்கம் இருக்கிறதா?' என்று அவர்கள் ஒரு நாளும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. மணி அடித்தது, நடந்தார்கள். அவர்களை நடத்திச் சென்றது வயிற்றுப்பாடு. அது விரும்பி ஏற்றதன்று. நம் ஓட்டமோ நாம் விரும்பி ஏற்பது. ஆயினும் அவ்வாழ்க்கையிலிருந்து மூன்று பாடங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம்: குறித்த நேரம், குறித்த இடம், அங்கே நமக்காகக் காத்து நிற்கும் துணை. இம்மூன்றும் இருந்தால் ஊக்கம் இல்லாத நாளிலும் கால்கள் புறப்பட்டுவிடும். புறப்பட்ட சிறிது நேரத்தில் ஊக்கம் பின்னாலேயே வந்து சேரும்.

உடம்பு சொல்லும் உண்மை

'ஓடத் தொடங்கியதும் மூச்சு வாங்குகிறதே; எனக்கு ஓட்டம் ஒத்துவராது போலும்' என்று மனம் தளர்பவர்கள் மிகப் பலர். இது தவறான முடிவு. நாம் ஓடத் தொடங்கிய அந்த நொடியே கால் தசைகள் மிகுந்த உயிர்வளியை வேண்டுகின்றன. ஆனால் இதயமும் நுரையீரலும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியே முதற்கட்ட மூச்சுத் திணறலுக்குக் காரணம். விரைவாகப் புறப்படுபவனுக்கு இடைவெளி பெரிதாகும். மெதுவாகப் புறப்படுபவனுக்குச் சிறிதாகும். ஆகவே முதற் சில நிமிடங்களைக் கொண்டு உங்களைத் தீர்ப்பிடாதீர்கள்.

சரியான வேகத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஓடிக்கொண்டே பக்கத்தில் உள்ளவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பல வாரங்கள் விடாமல் ஓடுபவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் புதிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் தோன்றுகின்றன. ஆனால் எலும்பும் தசைநாரும் இதயத்தைவிட மெதுவாகவே வலுப்பெறும். மூச்சு இடங்கொடுக்கிறதே என்று திடீரெனத் தொலைவைக் கூட்டினால் முழங்காலும் கணைக்காலும் வலிக்கத் தொடங்கும். வலி வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். எனவே சிறிது சிறிதாகக் கூட்டுவதும், வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு கொள்வதும் சோம்பல் ஆகா, அவையும் பயிற்சியே.

நம் தீவின் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பினாங்கின் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை எளிதில் உலராததால் உடம்பு குளிர்வதில்லை. உடம்பைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குச் செல்லவேண்டியிருப்பதால் இதயத்தின் வேலை பெருகுகிறது. நண்பகலில் ஓடிக் களைத்துப்போய், 'எனக்கு வலிமை இல்லை' என்று நொந்துகொள்வது அறியாமை. மாலை ஆறு மணியளவில் வெயில் தணியும். ஏழு மணி கடந்தும் வெளிச்சம் இருக்கும். மாணவர்க்கு அதுவே ஏற்ற வேளை.

ஒரு நாள் தவறினால் என்ன?

நல்லெண்ணத்தோடு தொடங்கியவர்கள் ஓட்டத்தைக் கைவிடும் இடம் பெரும்பாலும் ஒன்றே. ஒரு நாள் மழை, மறுநாள் காய்ச்சல், அதற்கு அடுத்த நாள் உறவினர் வீட்டுத் திருமணம். 'தொடர்பு அறுந்துவிட்டது; இனி என்ன!' என்று விட்டுவிடுவார்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நமக்கு ஆறுதல் தருகிறது. 96 பேர் தாங்கள் தேர்ந்துகொண்ட ஒரு நற்செயலை, நாள்தோறும் குறித்த ஒரு தருணத்தில், 84 நாள்கள் செய்து வந்தார்கள். அச்செயல் எண்ணிப் பாராமலே செய்யும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலர்க்கு 18 நாள்களே போதுமாயின. சிலர்க்கோ 254 நாள்கள் வரை ஆகும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரிய வந்தது.

இதிலிருந்து நாம் அறிவன இரண்டு. ஒன்று, இரண்டு வாரங்களில் பழக்கம் வரவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அடிமேல் அடி வைத்தால்தான் அம்மி நகரும். மற்றொன்று, தவறிய நாளைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, அடுத்த நாளைத் தவறவிடாதிருப்பதே முக்கியம்.

வீட்டுச் சுவரில் நாள்காட்டி ஒன்று தொங்குகிறதன்றோ? ஓடிய நாளில் அதில் ஒரு கோடு இடுங்கள். எவ்வளவு தொலைவு, எத்தனை முறை நின்றேன் என்பதையும் குறித்து வையுங்கள். மாத இறுதியில் அந்தக் கோடுகளே உங்களை அடுத்த மாதத்துக்கு அழைத்துச் செல்லும்.

துணையோடு ஓடுதல்

தனியே ஓடுபவன் எளிதில் தன்னை மன்னித்துக்கொள்வான். நண்பன் காத்திருந்தால் அவ்வாறு செய்ய இயலாது. ஆனால் விரைந்தோடுபவனும் மெதுவாக ஓடுபவனும் எவ்வாறு சேர்ந்து ஓடுவது? இதற்கு நம் நாட்டிலேயே ஓர் அருமையான வழி தோன்றியது. 1938ஆம் ஆண்டில் கோலாலம்பூரில், ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்பவரும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய 'ஹேஷ்' ஓட்டக் குழுவே அது. ஒருவர் முன்னே சென்று காட்டுவழியில் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்வார். மற்றவர்கள் அத்தடத்தைப் பின்பற்றி ஓடுவார்கள். இடையிடையே பொய்த் தடங்களும் இருக்கும். விரைந்தோடுபவர்கள் பொய்த் தடத்தில் சென்று ஏமாந்து திரும்பி வருவதற்குள் பின்னால் வருபவர்கள் அவர்களை எட்டிவிடுவார்கள். இதனால் எவரும் தனித்து விடப்படுவதில்லை. இம்முறை பினாங்கு உட்பட உலகின் பல நகரங்களுக்கும் பரவியது.

நம் பள்ளித் திடலிலும் இதனைச் செய்யலாம். விரைந்தோடும் மாணவன் ஒரு சுற்று முடித்ததும், பின்னால் வரும் நண்பனிடம் திரும்பி ஓடி அவனோடு சேர்ந்து வரட்டும். அவனுக்குக் கூடுதல் பயிற்சி, நண்பனுக்குத் துணை.

பெற்றோர்களுக்கும் பாட்டாளிகளுக்கும்

'நாள் முழுதும் வேலைசெய்து களைத்தவர்களுக்கு ஓட்டம் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. செம்பனைக் குலைகளை வெட்டிச் சுமப்பவருக்கு ஓய்வே மருந்தாக இருக்கும் நாள்கள் உண்டு. ஆனால் நம்மில் பலர் இன்று தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நின்றோ, வண்டி ஓட்டியோ, அலுவலகத்தில் அமர்ந்தோ வேலை செய்கிறோம். 2019ஆம் ஆண்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்நோய் மிகுதி என்பதும் அறிந்ததே. நாம் இழக்கப்போவது ஒரு கிண்ணத்தையன்று. கால்களையும் கண்பார்வையையும் சிறுநீரகத்தையும் ஆகும்.

உலகச் சுகாதார நிறுவனம் வயதுவந்தோர்க்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமும், 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமும் உடலியக்கம் வேண்டும் என்கிறது. முதியவர்கள் முழுவதும் ஓட வேண்டும் என்பதில்லை. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, சற்று ஓடிச் சற்று நடக்கும் முறையைப் பல்லாயிரம் பேருக்குக் கற்பித்தார். ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இதனைப் பத்து முறை செய்தால் அரை மணி நேரம் ஆகிவிடும். நோயுள்ளவர்கள் முதலில் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

வயது ஒரு தடை என்பவர்கள் பஞ்சாபில் பிறந்த பௌஜா சிங்கை நினைத்துப் பார்க்கலாம். தம் மகனைப் பறிகொடுத்த துயரிலிருந்து மீள ஓட்டத்தை நாடியவர் அவர். 2000ஆம் ஆண்டில், 89 வயதில், இலண்டன் மாரத்தானை ஓடினார். கடவுச்சீட்டின்படி நூறு வயதான 2011ஆம் ஆண்டில் டொரொண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தார். அந்த நாளில் அவருக்குப் பின்னே வந்தவர் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் ஓடுவதற்குப் பெற்றோர் தரக்கூடிய பெரிய பரிசு காலணியன்று. 'எத்தனையாவது வந்தாய்?' என்று கேட்பதற்கு மாறாக, 'இன்று எப்படி ஓடினாய்?' என்று கேட்பதே அப்பரிசு.

நம் பினாங்கில்

ஓடுவதற்கு இடம் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. தண்ணீர்மலையின் அருகே 1884ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தாவரவியல் பூங்கா இருக்கிறது. அதன் வாயிலருகே தொடங்கும் மலைப்பாதை, கொடிமலை உச்சியை நோக்கி ஏறுகிறது. தீவின் மிக உயர்ந்த அந்த மலை 833 மீட்டர் உயரம் உடையது. ஒரே நாளில் உச்சியைத் தொட வேண்டாம். இவ்வாரம் முதல் வளைவு, அடுத்த வாரம் இரண்டாம் வளைவு என்று செல்லலாம்.

பின்னும் நம் பெருமைக்குரிய பினாங்குப் பாலம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அதன் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மீது செல்கிறது. அப்பாலத்தின் மீது நடைபெற்று வரும் மாரத்தானில் பல்லாயிரம் பேர் நள்ளிரவு கடந்த இருளில் புறப்பட்டு ஓடியிருக்கிறார்கள். முழு மாரத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதனை மொத்தமாக எண்ணினால் எவர்க்கும் கால் சோரும். பழகிய ஓட்டக்காரர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. முன்னே தெரியும் விளக்குக் கம்பத்தை மட்டும் நோக்குவார்கள். அதை அடைந்ததும் அடுத்த கம்பம். இருளும் கடலும் அப்படியே இருக்கும். பாலம் மட்டும் குறைந்துகொண்டே வரும்.

நிறுத்த வேண்டிய நாளும் உண்டு

விடாமுயற்சி என்பது கண்மூடித்தனம் ஆகாது. காய்ச்சல் உள்ள நாளில் ஓடலாகாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்று பெரியவர்களிடம் கூற வேண்டும். ஒரே இடத்தில் வலி நாளுக்கு நாள் வளர்ந்தால் ஓய்வு கொள்ள வேண்டும். புகைமூட்டம் சூழ்ந்த நாளிலும் இடி மின்னல் உள்ள வேளையிலும் திடலுக்குச் செல்லாதீர்கள். அந்நாள்களில் ஓடாதிருப்பதும் நாளை ஓடுவதற்காகவே.

முடிவுரை

கடைசியாக வந்த அம்மாணவனிடம் இறுதியில் நான் கூறியது மிகச் சிறிது: "தம்பி, நான்கு முறை நின்றாய் அல்லவா? அடுத்த முறை மூன்று முறை நின்றால் போதும்." அவன் ஐயத்தோடுதான் திரும்பி வந்தான். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு, இரு நண்பர்களோடு ஓடினான். சில வாரங்கள் வந்தான், சில வாரங்கள் வரவில்லை, மீண்டும் வந்தான். இவ்வாண்டுக் குறுக்கோட்டத்தில் அவன் பரிசு எதுவும் பெறவில்லை. ஆனால் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடி முடித்தான். எல்லைக் கோட்டைக் கடந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, ஒரு முறைகூட நிற்கவில்லை" என்றான். எத்தனையாவது வந்தோம் என்பதை அவனும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை.

மாணவமணிகளே, ஊக்கம் எங்கோ தொலைவில் இருந்து வருவதன்று. நேற்றைய நம் காலடிகளிலிருந்தே இன்றைய ஊக்கம் பிறக்கிறது. விளையாட்டு விழா முடிந்துவிட்டது. ஆனால் திடல் அங்கேயேதான் இருக்கிறது. வாருங்கள், நாளை மாலை ஆறு மணிக்கு முதல் விளக்குக் கம்பம் வரை ஓடுவோம்!